உதைக்குள் ஒரு பிரேக்

எங்கள் எதிர்வீட்டுச் சிறுமி நான்காம் வகுப்பு படிக்கிறாள். வாரத்தில் மூன்று மாலை வெள்ளைச் சீருடையும் மஞ்சள் பெல்ட்டுமாக டேக்வாண்டோ வகுப்புக்குப் போவாள். திரும்பி வரும்போது என் வீட்டுத் திண்ணையில் ஏறி ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, அன்றைக்குக் கற்றதில் பாதியை எனக்குச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் வீட்டுக்குப் போவாள். முப்பது வருஷம் இயற்பியல் வாத்தியாராக இருந்தவனுக்கு இந்த வயதில் இப்படி ஒரு வாத்தியார்.

போன வாரம் அவள் முகம் சரியாக இல்லை.

"தாத்தா, மாஸ்டர் வேகமா உதைன்னு சொல்றாரு. அப்புறம் தொடாதேன்னும் சொல்றாரு. எதிர்ல நிக்கிறவ வயித்துக்கு முன்னாடி கால் அப்படியே நிக்கணுமாம். தொடவே கூடாதுன்னா எதுக்குத் தாத்தா உதைக்கணும்?"

அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தி தரவில்லை. ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். யோசித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பெயர். கொரிய மொழியில் 'டே' என்றால் காலால் உதைப்பது, 'க்வொன்' என்றால் மடக்கிய கை, 'டோ' என்றால் வழி. ஜூடோ, கராத்தே டோ என்பவற்றின் கடைசியில் வருவதும் இதே 'டோ'தான். காலும் கையும் கொண்டு நடக்கிற வழி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் வருஷப் பழைய கலை என்று சில விளம்பரப் பலகைகளில் போட்டிருப்பார்கள். அதைக் கொஞ்சம் எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும். பழைய கோகுர்யோ அரசின் கல்லறைச் சுவர்களில் இரண்டு பேர் மோதத் தயாராக நிற்கும் ஓவியங்கள் இருப்பது உண்மை. டேக்யோன் என்று, கால்களை நடனம்போல ஆட்டி விளையாடும் பழைய கொரியக் கலை ஒன்று இருப்பதும் உண்மை. யுனெஸ்கோ 2011இல் அதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இன்று நாம் பார்க்கும் டேக்வாண்டோ போன நூற்றாண்டில் உருவானது. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. அந்தக் காலத்தில் ஜப்பானுக்குப் போன கொரிய இளைஞர்கள் சிலர் அங்கே கராத்தே கற்றார்கள். நாடு விடுதலை அடைந்ததும் சியோல் நகரில் பயிற்சிக்கூடங்கள் பெருகின. ஒவ்வொரு கூடத்திலும் ஒரு பாணி, ஒரு பெயர். கராத்தேயிலிருந்து வந்ததைத் தங்கள் மண்ணின் கால்வீச்சோடு குழைத்து வேறொன்றாக்கினார்கள். 1955இல் எல்லாவற்றுக்கும் பொதுவாக 'டேக்வாண்டோ' என்ற பெயர் முன்வைக்கப்பட்டது. அதில் தளபதி சோய் ஹொங் ஹிக்குப் பெரும் பங்கு உண்டு. 1972இல் சியோலில் குக்கிவொன் என்ற தலைமைக்கூடம் எழுந்தது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் காட்சி விளையாட்டாகத் தலைகாட்டி, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியானது. ஒரு கலை பிறந்து அரை நூற்றாண்டுக்குள் ஒலிம்பிக் மேடை ஏறியதே பெரிய சாதனை; அதற்கு மேல் இரண்டாயிரம் வருஷத்தைச் சேர்க்க என்ன தேவை?

சரி, உதைக்கு வருவோம்.

டொல்யோ சாகி என்று ஒரு உதை. பக்கவாட்டிலிருந்து கால் சுழன்று வந்து அடிக்கும். பார்க்கிறவர்கள் பறக்கிற காலைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் மற்ற காலைப் பாருங்கள், தரையில் நிற்கிற காலை. உதை அங்கேதான் தொடங்குகிறது. நின்ற பாதம் தரையைத் தள்ளுகிறது. தரை அதே அளவு விசையோடு உடலைத் திருப்பித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. அந்தத் தள்ளல் இடுப்பைச் சுழற்றுகிறது, இடுப்பு தொடையை வீசுகிறது, தொடை கெண்டைக்காலை வீசுகிறது, கடைசியில் பாதம். சாட்டையைச் சொடுக்கும்போது கைப்பிடி மெதுவாக நகர நுனி மட்டும் பளீரென்று பாய்வதில்லையா, அந்த மாதிரி. நின்ற பாதமும் கூடவே திரும்ப வேண்டும். அது ஒட்டிக்கொண்டு நின்றால் முறுக்கு முழுவதும் முழங்காலில் போய் விழும். 'பாதத்தைத் திருப்பு, பாதத்தைத் திருப்பு' என்று மாஸ்டர் நூறு தடவை கத்துவது இதற்காகத்தான்.

உதைக்கும் முன் முழங்காலை மடக்கித் தூக்கச் சொல்வார்கள். எதற்கு? வீட்டில் கிரிக்கெட் மட்டை இருந்தால் எடுங்கள். பக்கத்தில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நில்லுங்கள். கைப்பிடியைப் பிடித்து மட்டையைச் சட்டென்று இடமும் வலமும் திருப்புங்கள். இப்போது மட்டையின் நடுவில் பிடித்துக்கொண்டு அதையே செய்யுங்கள். இரண்டாவது எவ்வளவு சுலபம்! மட்டை அதேதான், எடையும் அதேதான். எடை, சுழலும் புள்ளிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் சுழற்றுவது எளிது. மடக்கிய கால் இடுப்புக்கு அருகில் இருப்பதால் வேகமாகச் சுழல்கிறது. சுழன்று வந்தபிறகு முழங்கால் விரிந்தால் போதும்.

வேகத்தில் ஏன் இவ்வளவு குறியாக இருக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு கணக்கு உண்டு. காலின் எடை இரண்டு மடங்கானால் உதையின் ஆற்றலும் இரண்டு மடங்கு ஆகும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. மூன்று மடங்கு வேகத்துக்கு ஒன்பது மடங்கு. அதனால்தான் ஒல்லியான பெண் ஒருத்தி, தடித்த ஆளைவிடப் பலமாக உதைத்துவிடுவது நடக்கிறது.

இப்போது எதிர்வீட்டுக்காரியின் கேள்வி. இவ்வளவு பாடுபட்டு வேகத்தைச் சேர்த்துவிட்டு, அதை ஏன் நிறுத்த வேண்டும்? அதைவிட, எதை வைத்து நிறுத்துவது?

உங்கள் தொடையின் முன்பக்கத்தைத் தொட்டுப்பாருங்கள். அங்கே இருக்கும் பெரிய தசைதான் முழங்காலை நீட்டுகிறது. அது வண்டியின் எஞ்சின். இனி தொடையின் பின்பக்கம். அங்கே இருப்பது முழங்காலை மடக்கும் தசை. உதை பாயும்போது எஞ்சின் காலை முன்னே எறிகிறது; கடைசிக் கணத்தில் பின் தொடைத் தசை, தானே இழுபட்டு நீண்டுகொண்டிருக்கும்போதே, காலைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்துகிறது. அதுதான் பிரேக். அது இல்லையென்றால் ஒவ்வொரு உதையிலும் முழங்கால் மூட்டு 'டக்' என்று பூட்டிக்கொண்டு அடிபடும்.

இழுபட்டுக்கொண்டே வேலை செய்வது தசைக்குக் கஷ்டமான வேலை. பழனி மலை ஏறும்போது மூச்சுதான் வாங்கும். மறுநாள் தொடையைத் தொட முடியாமல் வலிப்பது, பெரும்பாலும் படி இறங்கியதால்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைத் தாங்குகிறது. டேக்வாண்டோ மாணவர்களுக்கு முதல் வாரங்களில் பின் தொடை வலிப்பதற்கும் இது ஒரு காரணம். அடிப்பதைவிட அடியை நிறுத்துவதற்கு உடம்பு தனியாகப் பழக வேண்டியிருக்கிறது.

கொரிய மொழியில் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: குக்கி. தன்னைத் தானே வெல்வது என்று அர்த்தம். சோய் ஹொங் ஹி வழியில் கற்பவர்கள் சொல்லும் ஐந்து பண்புகளில் இது ஒன்று. மற்றவை மரியாதை, நாணயம், பொறுமை, வளையாத மனம். சுவரில் எழுதி மாட்டினால் எந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரிலும் இருக்கும் வாசகங்கள்போலத்தான் தெரியும். ஆனால் குக்கி மட்டும் வெறும் வாசகம் இல்லை. அது தொடையில் இருக்கிறது. வலிக்கவும் வலிக்கிறது.

"அப்போ பலகை உடைக்கிறாங்களே, அங்க பிரேக் இல்லையா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி, இதையெல்லாம் அவளிடம் சொன்னபோது.

இருக்கிறது. ஆனால் வேறு இடத்தில்.

அதற்கு முன்னால், பலகை எப்படி உடைகிறது என்று பார்ப்போம். ஒரு நீளமான அழிரப்பரை எடுத்து, மேலே நாலு கோடு, கீழே நாலு கோடு போடுங்கள். இரண்டு கையால் பிடித்து வளையுங்கள். வளைவின் உள்பக்கக் கோடுகள் நெருங்கும், வெளிப்பக்கக் கோடுகள் விலகும். பலகையின் நடுவில் அடி விழும்போதும் இதேதான். அடி வாங்கிய பக்கம் நசுங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. மரத்தால் நசுங்கலைக்கூடத் தாங்க முடியும், நார்களுக்குக் குறுக்கே இழுத்தால் தாங்காது. விரிசல் பின்பக்கத்தில் தொடங்கி முன்னால் ஓடி வருகிறது. விறகு பிளப்பவர்கள் நார் ஓடும் திசை பார்த்துத்தான் கோடரி போடுவார்கள். பலகை உடைக்கும் நிகழ்ச்சியிலும் நார் ஓடும் திசை பார்த்துத்தான் பலகையைப் பிடிப்பார்கள். திசையை மாற்றிப் பிடித்தால் பெரிய மாஸ்டர்கூடக் கையை உதறிக்கொண்டு போக வேண்டியதுதான்.

கையின் ஓரத்தால் வெட்டுவதை 'சொன்னல்' என்கிறார்கள். 'சொன்' என்றால் கை, 'னல்' என்பது கத்தியின் விளிம்பு. கைக்கத்தி! அதே விசை சின்ன இடத்தில் இறங்கினால் அழுத்தம் கூடும் என்று மேல் வகுப்பில் படிக்கப்போகிறீர்கள். அந்தப் பாடம் இந்தப் பெயரிலேயே இருக்கிறது.

வெறுங்கை எப்படி மரத்தை உடைக்கும் என்று உண்மையாகவே அளந்து பார்த்தவர்கள் மூன்று அமெரிக்க இயற்பியலாளர்கள்: மைக்கேல் ஃபெல்ட், ரொனால்ட் மெக்நேர், ஸ்டீஃபன் வில்க். அவர்கள் எடுத்துக்கொண்டது கராத்தே அடி. ஆனால் கைக்கும் பலகைக்கும் எந்த நாட்டுக் கலை என்பது தெரியாது. 1979இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் எழுதினார்கள். இந்த மெக்நேர் சாதாரண ஆள் இல்லை. ஒன்பது வயதில், கறுப்பினச் சிறுவர்களுக்குப் புத்தகம் தராத ஊர் நூலகத்தில், புத்தகம் வாங்காமல் நகரமாட்டேன் என்று உட்கார்ந்து, போலீஸ் வந்தபிறகும் அசையாமல், புத்தகத்தோடு வீட்டுக்குப் போனவர். பிறகு லேசர் இயற்பியலில் முனைவர் பட்டம், கராத்தேயில் ஐந்தாம் நிலைக் கறுப்பு பெல்ட், 1984இல் விண்வெளிப் பயணம். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது அதில் இருந்த ஏழு பேரில் அவரும் ஒருவர். அவர் புத்தகம் கேட்டு உட்கார்ந்த அந்த நூலகக் கட்டடம் இன்று அவர் பெயரில் அருங்காட்சியகம்.

அந்த மூன்று பேர் கண்ட ஒரு விஷயத்தில்தான் நம் கேள்விக்கான சாவி இருக்கிறது. கை முழுசாக நீளும் இடத்தில் வேகம் உச்சத்தில் இருப்பதில்லை. ஏறத்தாழ முக்கால் தூரத்திலேயே உச்சம் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பிரேக் பிடிக்கத் தொடங்கிவிடுகிறது, நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும். அதனால்தான் பலகை உடைக்கும்போது 'பலகையைப் பார்க்காதே, பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு புள்ளியைப் பார்' என்பார்கள். மந்திரம் எதுவும் இல்லை. குறியைப் பின்னுக்குத் தள்ளினால் பிரேக்கும் பின்னுக்குப் போகும். பலகையின்மேல் உச்ச வேகம் விழும். பயத்தில் பாதியில் தயங்கினால் பலகைக்கு முன்னாலேயே வேகம் செத்துவிடும். பலகை உடையாது. உடையாத பலகை அடியின் ஆற்றலைக் கைக்கே திருப்பிக் கொடுக்கும். தயங்கியவருக்குத்தான் அதிகம் வலிக்கும்.

ஆக, பலகைக்கு உதைக்கும்போது பிரேக்கை அதற்கு அப்பால் வைக்கிறோம். தோழிக்கு உதைக்கும்போது அவள் வயிற்றுக்கு நாலு விரல் இந்தப் பக்கம் வைக்கிறோம். உதை ஒன்றேதான், நிறுத்தும் இடம்தான் மாறுகிறது. அந்த இடத்தை நாம் தீர்மானிக்க வேண்டும், கால் தீர்மானிக்கக் கூடாது. தொடாமல் நிறுத்தத் தெரிந்தவளின் உதைதான் அவள் சொன்னபடி கேட்கிற உதை. 'தொடாதே' என்று மாஸ்டர் சொல்வது உதையைக் குறைக்க இல்லை என்று அவளிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ தொடாததுதான் கஷ்டம்" என்றாள். ஆமாம்.

(ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு வீட்டுக் கதவையோ செங்கலையோ உடைக்கப் போகாதீர்கள். உங்கள் வயதில் நீண்ட எலும்புகளின் முனைகளுக்குப் பக்கத்தில் வளர்தட்டு என்று ஒரு குருத்தெலும்பு அடுக்கு இருக்கும். நீங்கள் உயரமாவது அதனால்தான். எலும்பைவிட அது மென்மையானது. அடிபட்டால் அந்த எலும்பின் வளர்ச்சியே கோணலாகலாம். அதனால் சிறுவர்களுக்குத் தரும் பலகை மெல்லியதாக இருக்கும், மாஸ்டரும் பக்கத்தில் இருப்பார்.)

பிரேக் என்ற எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு டேக்வாண்டோவைச் சுற்றிப் பாருங்கள், எங்கும் அதுதான் தென்படும். பெல்ட் நிறங்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ஒன்றும் எழுதாத தொடக்கம். மஞ்சள் விதை வேர்விடும் மண். பச்சை முளை, நீலம் அது எட்டிப்பார்க்கும் வானம். அடுத்து சிவப்பு. பழம், பூ என்று ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்தேன். இல்லை, சிவப்பு என்றால் ஆபத்து. எதிரே நிற்பவருக்கு 'விலகி நில்' என்றும், கட்டியிருப்பவருக்கு 'உன்னை அடக்கு' என்றும் எச்சரிக்கை. திறமை வந்து, பக்குவம் முழுசாக வராத காலம் அது. சாலைச் சிக்னலில் இருக்கும் அதே சிவப்பு. அதைத் தாண்டித்தான் கறுப்பு. கறுப்பு வாங்கினால் முடிந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். அதன் பெயரே முதல் டான், முதல் படி. 15 வயதுக்குக் கீழே இருந்தால் குக்கிவொன் முறையில் அதையும் தரமாட்டார்கள். பாதி சிவப்பும் பாதி கறுப்புமாக 'பூம்' பெல்ட்தான்.

போட்டி விதியிலும் பிரேக் உண்டு. நடுவர் 'சிஜாக்' என்றால் தொடங்கு. 'கல்யொ' என்றால் விலகு. கல்யொ சொன்னபிறகு விழுந்த அடி எவ்வளவு அழகாக இருந்தாலும் புள்ளி கிடையாது. மாறாக, எதிராளிக்கு ஒரு புள்ளி போய்விடும். பாரா டேக்வாண்டோவில் தலைக்கு உதைக்கவே அனுமதி இல்லை. டோக்கியோ பாராலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்ந்த விளையாட்டு இது. கையில் குறைபாடு உள்ளவர்கள் ஆடுவது. இதில் ஒரு அறிவியலும் இருக்கிறது. ஒற்றைக் காலில் நின்று உதைக்கும்போது நம்மை விழாமல் காப்பதில் கைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. கை இல்லாதபோது இடுப்பும் தோளும் அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த சக்கியா குதாதாதி, காபூல் வீழ்ந்த 2021இல் அங்கிருந்து தப்பிவந்து டோக்கியோவில் ஆடினார். 2024 பாரிஸில் அகதிகள் அணிக்காக வெண்கலம் வென்றார். பாராலிம்பிக்கில் அகதிகள் அணிக்குக் கிடைத்த முதல் பதக்கம் அதுதான். ஐந்து பண்புகளில் கடைசியானதைக் கொரிய மொழியில் 'பேக்ஜொல் புல்குல்' என்பார்கள்: நூறு முறை ஒடித்தாலும் பணியாதது. உச்சரிக்கும்போதே நாக்கு நாலு முறை தடுக்கும்.

உதைக்கும்போது போடும் சத்தத்துக்குக் 'கிஹாப்' என்று பெயர். எதிராளியைப் பயமுறுத்தத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். சத்தம் போட்டால் மூச்சு வேகமாக வெளியேறும், வயிற்றுத் தசை இறுகும், நடு உடம்பு தூண்போல உறுதியாகும். தரையிலிருந்து வந்த விசை வழியில் கசியாமல் காலுக்குப் போகும். தேர்வடம் இழுக்கிறவர்கள் சும்மாவா குரல் கொடுக்கிறார்கள்?

இன்னொரு சோதனை, இருவர் வேண்டும். நண்பர் ஒரு 30 செ.மீ. ஸ்கேலை மேல் முனையில் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழ் முனையில், சுழி இருக்கும் இடத்துக்கு நேராக, தொடாமல் உங்கள் விரல்களை விரித்து வையுங்கள். அவர் சொல்லாமல் விட்டதும் பிடியுங்கள். 20 செ.மீ. கோட்டில் பிடித்தால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ 0.2 நொடி. கண் பார்த்து, மூளை புரிந்து, கை அசைவதற்கு எல்லோருக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு ஆகும். நல்ல உதையும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் வந்துவிடும். அப்படியானால் பாதத்தைப் பார்த்துத் தடுக்கவே முடியாது. தேர்ந்தவர்கள் எதிராளியின் தோளையும் இடுப்பையும் பார்க்கிறார்கள். உதை தரையில் தொடங்கும்போதே அங்கே தெரிந்துவிடும். இது ஒரே நாளில் வராது. ஆயிரம் முறை செய்த அசைவைச் சிறுமூளை தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டபிறகுதான் யோசிக்காமல் வரும். ஹனா, டுல், செத், நெத் என்று கொரிய மொழியில் எண்ணி எண்ணி ஒரே உதையை மாலை முழுவதும் உதைக்க வைப்பது அலுப்பாகத்தான் இருக்கும். எண்ணத் தெரிந்தது மட்டும்தான் மிச்சம் என்று தோன்றும். சிறுமூளை அதற்குள் வேலை செய்துகொண்டிருக்கும்.

ஐந்து பண்புகளில் 'யொம்ச்சி' என்று ஒன்று. நாணயம் என்று மேலே எழுதினேன், ஆனால் அது சரியான சொல் இல்லை. தப்பு செய்தால் தனக்குத்தானே கூசுவதும் அதில் சேர்த்தி. நம் பழைய நூல்கள் 'நாண்' என்று சொன்னதற்கு நெருக்கமானது. யாரும் பார்க்காதபோதும் வேலை செய்யும் பிரேக் என்று வைத்துக்கொள்ளலாமா? இதற்கு எந்தத் தசை என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று என் திண்ணை உத்தரத்தில் ஒரு டென்னிஸ் பந்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டோம். எதிர்வீட்டுக்காரியின் இடுப்பு உயரம். பந்துக்கு முன்னால் உதையை நிறுத்த வேண்டும், பந்து ஆடக்கூடாது. பத்து முறை. நான் நோட்டில் 'பட்டது', 'படவில்லை' என்று எழுதிக்கொண்டே வந்தேன். முதல் நாலு உதையிலும் பந்து ஊஞ்சலாடியது. ஐந்தாவது நின்றது. ஒன்பதாவதில் பந்து மெல்ல அசைந்தது. காலின் காற்றாகத்தான் இருக்கும் என்று 'படவில்லை' என்றே எழுதினேன். மொத்தம் பத்துக்கு ஐந்து. குனிந்து கும்பிடுபோட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

வாசல் கேட்டைத் திறந்தவள் நின்றாள். திரும்பி வந்தாள்.

"தாத்தா, அந்த ஒன்பதாவது. காத்து இல்ல. சுண்டுவிரல் பட்டுச்சு."

நோட்டை எடுத்து, அடித்துத் திருத்தி, பத்துக்கு நாலு என்று எழுதினேன்.